வாசகர் கேள்விகள்: காரைக் களியில் பழைய மழை

சென்ற இதழில் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தின் களிப்பாறைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். “பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தைய மழையும் வெயிலும் இந்தக் களிக்குத் தெரியும்” என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்த இதழ் முழுவதற்கும் போதும். களிக்கனிமங்களோடு முப்பது வருஷம் ஆய்வகத்தில் கழித்தவள் நான். இதைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் காரை ஓடைப் பள்ளங்களுக்கு அழைத்துப் போயிருந்தேன். உங்கள் வரியைப் படித்துக் காட்டினேன். ஒரு பையன், “அப்போ மழையை யார் டீச்சர் அளந்து வெச்சாங்க?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.
— ஆசிரியை, பெரம்பலூர்

அந்தப் பையனை என் சார்பில் ஒருமுறை தட்டிக்கொடுங்கள் டீச்சர். யாரும் அளந்து வைக்கவில்லை. மழை பெய்யும்போது கல்லை என்ன செய்ததோ, அந்தத் தடம் மிச்சமிருக்கிறது. அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம்.

நம் ஊர்க் கருங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பளபளக்கும் பகுதி ஃபெல்ட்ஸ்பார். அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த சட்டத்துக்குள் சோடியம், கால்சியம், பொட்டாசியம் உட்கார்ந்திருக்கும் கனிமம் அது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிக் கல்லுக்குள் இறங்குகிறது. சோடியமும் கால்சியமும் முதலில் கரைந்து ஓடிவிடும். பொட்டாசியம் கொஞ்சம் அடம்பிடித்து, பிறகு போகும். அலுமினியம் மட்டும் லேசில் கரையாமல் அங்கேயே தங்கும். அப்படி மிஞ்சியதெல்லாம் புதிதாக அடுக்கிக்கொண்டு உண்டாவதுதான் களி. இந்த வேலை எவ்வளவு தூரம் நடக்கும் என்பதைச் சூடும் தண்ணீரும்தான் முடிவு செய்கின்றன.

பிள்ளைகளுக்கு மூன்று ஊர்களைக் காட்டுங்கள், புரிந்துவிடும். முதலில் நீலகிரி. வருஷக்கணக்காக மழை கழுவிக்கொண்டே இருக்கும் சரிவுகள். பாறையில் இருந்ததெல்லாம் போய், அலுமினியமும் இரும்பும் மிஞ்சிய செம்மண். அங்கே கயோலினைட் என்ற களி நிறைய, அதையும் தாண்டிச் சிலிக்காவும் போய்விட்ட கிப்சைட்டும் உண்டு. அடுத்து கோவில்பட்டிக் கரிசல். மழை சில நாள், வெயில் பல மாதம். கரைந்தது முழுவதும் வெளியேறாமல், கால்சியமும் மெக்னீசியமும் மண்ணிலேயே தேங்கி ஸ்மெக்டைட் என்ற களியாகிவிடும். தண்ணீர் பட்டால் உப்பி, காய்ந்தால் கையளவுக்கு வெடிக்கும் குணம் அதனுடையது. மூன்றாவது, கங்கோத்ரிக்கு மேலே கோமுகம். பனியாறு பாறையை மாவாக அரைத்து அனுப்புவதால் தண்ணீரே சாம்பல் நிறமாக வரும். குளிரில் வேதிவேலை மந்தம். அதனால் ஃபெல்ட்ஸ்பார் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும், கூடவே இல்லைட், குளோரைட் என்ற இரண்டு களிகளும். இவை பெரும்பாலும் பாறையிலிருந்த அபிரகமும் அதன் உறவுக் கனிமங்களும் அரைபட்டு வந்தவை.

இந்த மண் எல்லாம் ஆற்றோடு போய்க் கடலடியில் படிந்து, மேலே சுமை ஏறி இறுகினால் ஷேல். ஒரு ஷேல் துண்டில் ஓர் ஆற்றுப் படுகை முழுவதன் மண்ணும் கலந்து கிடக்கிறது. ஒரே வயலின் மண்ணைவிட நான் அதை நம்புவதற்கு அதுவே காரணம்.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துப் பாறைகளை 1850-களின் கடைசியில் நடந்து நடந்து வரைபடமாக்கி, உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. காரைக் களி உத்தத்தூர்த் தொகுதியில் வருகிறது. அதே மனிதர்தான் 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு முதல் தலைவர் ஆனார். இமயமலையில் பனி அதிகம் விழுந்த வருஷம் பருவமழை குறைகிறது என்று 1884-இல் எழுதியவரும் அவரே. காரைப் பள்ளங்களில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். காலடியில் மிதித்த களியிலும் ஒரு பருவமழைக் கணக்கு இருந்தது. அதைப் படிக்கும் கருவி அவர் காலத்தில் இல்லை.

எம்.எஸ்சி. நிலவியல் இரண்டாம் வருஷம். என் ஷேல் மாதிரியின் எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் 7 ஆங்ஸ்ட்ராமில் நல்ல முகடு வந்திருக்கிறது. கயோலினைட், ஆகவே வெப்பமும் ஈரமும் மிகுந்த காலநிலை என்று எழுதிவிடலாமா?
— மாணவர், திருச்சி

அவசரப்படாதீர்கள் தம்பி. (மற்ற வாசகர்களுக்கு: எக்ஸ்ஆர்டி என்பது எக்ஸ்-ரேயைப் பாய்ச்சிக் கனிமத்தின் அடுக்கு இடைவெளியை அளக்கும் முறை. ஒவ்வொரு இடைவெளிக்கும் வரைபடத்தில் ஒரு முகடு எழும். ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.) இந்த வரியை எழுதிவிட்டு வாய்மொழித் தேர்வில் விழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாதிரியைத் தயார் செய்த விதத்திலிருந்து தொடங்குவோம்.

ஷேலை மிக்ஸியில் அரைப்பதுபோல் அரைத்திருந்தால் முதலிலேயே தப்பு. அதிகம் அரைத்தால் களியின் அடுக்குகளே குலைந்துவிடும். உடைத்துத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு இருந்தால் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போக்க வேண்டும். அப்புறம் அளவு உருளையில் கலக்கி விட்டுக் காத்திருக்க வேண்டும். நமக்கு வேண்டிய களி 2 மைக்ரானுக்கும் சிறிய துகள், பெரியவை முதலில் இறங்கிவிட வேண்டும். 20 டிகிரியில் 2 மைக்ரான் துகள் 10 செ.மீ. இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் பிடிக்கும். நம் ஊர் ஆய்வகம் 30 டிகிரியில் இருந்தால் தண்ணீர் இளகிவிடும், ஆறு மணிக்குச் சற்று மேல் போதும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் அட்டவணையில் உள்ள 8 மணியையே வைத்துக்கொண்டால் நீங்கள் எடுப்பது 2 மைக்ரான் பகுதி ஆகாது, அதைவிட நுண்ணியதாகிவிடும். ஸ்மெக்டைட் துகள்தான் மிகச் சிறியது. உங்கள் முடிவில் அது தானாகவே கூடிவிடும்.

காரை மாதிரியை முதல்முறை செய்தபோது எனக்கு ஆனதைச் சொல்கிறேன். கலக்கி வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, உருளையில் மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர், அடியில் தயிர் மாதிரி ஒரு திரள். களியே இல்லாத களிப்பாறையா என்று குழம்பிப் போனேன். காரணம் ஜிப்சம். காரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், விரிசல்களில் நார்நாராகவும் கண்ணாடித் தகடாகவும் வெயிலில் மின்னும். அது கொஞ்சம் கரைந்தால் போதும், அதன் கால்சியம் களித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கீழே இறக்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஐந்து தடவை கழுவினேன். நாலாவது தடவையில் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. ஐந்தாவதுக்குப் பிறகு, மறுநாள் காலையில் வந்து பார்த்தபோதும் மோர் போலக் கலங்கியே நின்றது. அந்தக் கலங்கலைப் பார்த்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

சரி, கலங்கல் நீரைப் பிப்பெட்டில் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டுக் காயவைத்தால், களித் துகள்கள் கவுளி வெற்றிலை அடுக்கியதுபோல் படுத்துக்கொள்ளும். எக்ஸ்-ரே அளப்பது அந்த அடுக்குகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை. இல்லைட் 10 ஆங்ஸ்ட்ராம், கயோலினைட் 7-க்குச் சற்று மேல், குளோரைட் 14, ஸ்மெக்டைட் காற்றில் காய்ந்த நிலையில் 14, 15 பக்கம். இப்போது உங்கள் சிக்கல் தெரிகிறதா? குளோரைட்டின் இரண்டாவது முகடு அதன் பாதி, அதாவது 7. வெப்பமண்டல மழையின் கனிமமும் குளிர்ப்பிரதேசக் கனிமமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன!

ஆகவே ஒரே தகட்டை மூன்று முறை ஓட்டுங்கள். முதலில் சும்மா காய்ந்தபடி. அடுத்து எத்திலீன் கிளைக்கால் ஆவியில் ஓர் இரவு வைத்து. கார் ரேடியேட்டர் கூலன்ட்டில் இருக்கும் அதே சரக்குதான். ஸ்மெக்டைட் அதைக் குடித்து 17 ஆங்ஸ்ட்ராமுக்கு உப்பும், குளோரைட் 14-ஐ விட்டு அசையாது. மூன்றாவது 550 டிகிரியில் சுட்டு. கயோலினைட் அந்தச் சூட்டில் குலைந்து 7 முகடு போய்விடும். குளோரைட்டின் 14 நிற்கும், சில நேரம் ஓங்கியும் தெரியும். ஆனால் அந்தச் சூட்டில் குளோரைட்டின் 7 முகடும் மெலியும் என்பதால், 7 விழுந்துவிட்டது என்பதை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். 3.58-இலும் 3.54-இலும் இரட்டை முகடு இருக்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்னது கயோலினைட், பின்னது குளோரைட். இரண்டு மாதிரிக்கு ஒரு நாள் முழுக்க ஆகும், ஆகட்டும்.

நான் கணக்காளன். களியின் வேதியியலை வைத்து ஒரு “சிதைவுக் குறியீடு” போடுகிறார்கள் என்று எழுதினீர்கள். அந்தக் கணக்கை எண்களோடு ஒருமுறை போட்டுக் காட்டுவீர்களா?
— வாசகர், சிவகாசி

போடலாம் ஐயா. 1982-இல் நெஸ்பிட், யங் என்ற இருவர் கனடாவின் ஒண்டாரியோவில் உள்ள ஹியூரோனியன் பாறைகளுக்காக உருவாக்கிய கணக்கு இது. இருநூறு கோடி வருஷத்துக்கும் பழைய பாறைகள் அவை. செடி இல்லை, புதைபடிவ விலங்கு இல்லை, காலநிலையை வேறு எதிலும் கேட்க வழியில்லை. பாறையின் அலுமினியத்தைத் தவிர வேறு துப்பு கிடைக்காத இடத்தில் பிறந்த யோசனை என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

அலுமினியம் தங்கும், சோடியமும் கால்சியமும் பொட்டாசியமும் ஓடும் என்றேன் அல்லவா? நான்கின் ஆக்சைடுகளையும் கூட்டி, அதில் அலுமினியம் நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பதுதான் குறியீடு. ஒரே நிபந்தனை: எடையைக் கூட்டக் கூடாது, ஒவ்வொன்றையும் அதன் மூலக்கூறு எடையால் வகுத்து மோல் கணக்கில் கூட்ட வேண்டும். வெவ்வேறு நாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்றிக்கொண்டு கூட்டுவதுபோல.

ஆஸ்திரேலியாவின் பழைய ஷேல்களுக்கு டெய்லரும் மெக்லென்னனும் 1985-இல் கொடுத்த சராசரியை எடுத்துக்கொள்வோம். நூறு கிராமில் அலுமினிய ஆக்சைடு 18.9, கால்சிய ஆக்சைடு 1.3, சோடிய ஆக்சைடு 1.2, பொட்டாசிய ஆக்சைடு 3.7 கிராம். முறையே 102, 56, 62, 94.2 ஆல் வகுத்தால் 0.185, 0.023, 0.019, 0.039. கூட்டினால் 0.266. அலுமினியத்தின் பங்கு நூற்றுக்கு 69 அல்லது 70. சாதாரண ஷேல் இந்தப் பக்கம்தான் நிற்கும்.

சிதையாத கருங்கல் 50-ஐ ஒட்டி வரும். பனியாறு அரைத்துத் தள்ளிய வண்டலும் கிட்டத்தட்ட அங்கேதான். பனியேரிகளில் படிந்த களி 60-இலிருந்து 65. அமேசான் ஆறு கடலில் கொட்டும் சேறு 80-இலிருந்து 90. சுத்தக் கயோலினைட் 100. ஹியூரோனியன் அடுக்குகளில் பனிக்காலப் படிவான கௌகண்டாவில் எண் கீழே கிடந்து, அதற்கு மேலே உள்ள அடுக்குகளில் ஏறுகிறது. பனி போய்ச் சூடும் ஈரமும் வந்த கதையை அந்த ஒரு எண் சொல்லிவிட்டது.

கணக்காளர் நீங்கள், இதில் எங்கே கோட்டை விடலாம் என்று பாருங்கள். அதே ஷேலில் நூற்றுக்கு 5 கிராம் ஜிப்சம் கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம், காரையில் இது சாதாரணம். ஜிப்சத்தில் மூன்றில் ஒரு பங்கு கால்சிய ஆக்சைடு. அதைப் பிரிக்காமல் அப்படியே கணக்கில் போட்டால் 69 என்பது 62 ஆகிவிடும். மிதமான வெப்பத்தில் வாழ்ந்த ஒரு நிலத்தைப் பனியேரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம்! விரிசலில் அப்புறமாக வளர்ந்த ஜிப்சத்துக்கும் பழைய வானிலைக்கும் சம்பந்தமே இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பும் இப்படியே. அதனால்தான் குறியீட்டுச் சூத்திரத்தில் கால்சியத்தின் தலையில் ஒரு நட்சத்திரக்குறி போட்டிருக்கும்: “சிலிக்கேட்டில் உள்ள கால்சியம் மட்டும்” என்று பொருள். அந்த நட்சத்திரத்தைக் கவனிக்காமல் போட்ட எண்களைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

இந்தியாவில், அதுவும் ஒடிசாவிலும் மகாராஷ்டிராவிலும், பனிப்பாறைகள் இருந்தன என்று எங்கோ படித்தேன். நம்பலாமா?
— வாசகி, மதுரை

தாராளமாக நம்பலாம். ஒடிசாவில் தால்ச்சேர் நிலக்கரிப் பகுதி. 1856-இல் அங்கே போன பிளான்ஃபோர்டு சகோதரர்கள் (ஹென்றியும் அண்ணன் வில்லியமும், உடன் தியோபால்டு என்ற நிலவியலாளரும்) நுண்ணிய சேற்றுக்குள் ஆளுயரப் பாறைகள் புதைந்து கிடப்பதைப் பார்த்தார்கள். தண்ணீர் கொண்டுவந்தது என்றால் பெரிய கல்லும் நுண்சேறும் ஒரே இடத்தில் படியாது. இதில் பனிக்கட்டிக்கு வேலை இருந்திருக்கிறது என்று துணிந்து எழுதினார்கள். வெப்ப நாட்டில் பனியா என்று பலருக்கும் நம்பக் கஷ்டமாக இருந்தது. 1875-இல் ஃபெடன் என்ற நிலவியலாளர் சந்திரபூருக்குப் பக்கத்தில் ஈராய் ஆற்றங்கரையில் வழவழப்பாக இழைக்கப்பட்டு, இணைகோடுகளாகக் கீறல் விழுந்த சுண்ணாம்புப் பாறைத் தளத்தைக் கண்டார். பனியாறு கற்களைப் பிடித்துக்கொண்டு இழுத்துப்போன கீறல்கள் அவை. ஏறக்குறைய 30 கோடி வருஷம் முன்பு இந்தியா கோண்டுவானாக் கண்டத்தோடு ஒட்டித் தென் துருவத்தை நோக்கிய பக்கத்தில் இருந்தது என்பதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டோம்.

எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய கற்களுக்கு மேலே வரும் ஷேல். வெளிறிய ஆலிவ் பச்சை நிறம். கையில் எடுத்து அழுத்தினால் பென்சில் சீவலைப்போல ஊசி ஊசியாக உடையும், அதற்குப் பெயரே ஊசி ஷேல். இந்தப் படிவுகளில் ஃபெல்ட்ஸ்பார் இன்னும் சிதையாமல் இருக்கிறது. கழுவப்படாத மண். மழை வேலை செய்ய நேரமும் சூடும் கிடைக்கவில்லை. கல்லின் கீறல் பனியாறு அங்கே நகர்ந்தது என்கிறது, ஷேல் சுற்றுவட்டாரமே குளிரில் இருந்தது என்கிறது.

மேலே ஏற ஏறக் கதை மாறுகிறது. பராக்கர் அடுக்குகளில் நிலக்கரி வந்துவிடுகிறது. அதோடு தீக்களிமண். உலைச் செங்கல் செய்ய ஜரியா, ராணிகஞ்ச் பக்கம் தோண்டுகிறார்களே, அது. அதில் கயோலினைட் மிகுதி. பனி போய்க் காடும் சதுப்பும் வந்ததற்கு ஒத்துப்போகும். ஆனால் ஒன்று, சதுப்பு நிலத்தில் அழுகும் இலைதழைகளின் அமிலமும் களியைக் கயோலினைட்டாக மாற்றும். அதனால் தீக்களியை மட்டும் வைத்துக்கொண்டு “கொட்டும் மழை” என்று எழுத மாட்டேன். நிலக்கரி ஒட்டாத ஷேலையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வேன். இன்னும் மேலே பாஞ்செட் அடுக்குகள், சுமார் 25 கோடி வருஷம். நிலக்கரி நின்றுபோய்ச் செந்நிறக் களி. ஒரே பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே நடந்தால் பனி, சதுப்பு, செம்மண் என்று மூன்று நாடுகளைக் கடந்துவிடலாம்.

உங்கள் பத்தியில் ஒரு சந்தேகம். களி உண்டான இடம் வேறு, படிந்த இடம் வேறு, பிறகு கோடிக்கணக்கான வருஷம் புதைந்தும் கிடந்திருக்கிறது. அதை எப்படி நம்புகிறீர்கள்?
— வாசகர், டொராண்டோ

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 5.6 கோடி வருஷத்துக்கு முன்பு நடந்த ஒன்றை வைத்துப் பதில் சொல்கிறேன். பேலியோசீன் முடிந்து இயோசீன் தொடங்கிய அந்த எல்லையில் காற்றில் ஏராளமான கார்பன் சேர்ந்து, பூமியின் வெப்பம் 5 டிகிரிக்கும் மேல் ஏறி, அடங்க ஏறக்குறைய 2 லட்சம் வருஷம் ஆயிற்று. 1987-இல் அண்டார்க்டிகாவுக்கு அருகே மாட் (Maud) என்ற கடலடி மேட்டில் துளையிட்ட கடலடிச் சேற்றில், அந்த எல்லை வந்தவுடன் கயோலினைட் ஏறுவதைக் கண்டார்கள். துருவத்துக்குப் பக்கத்திலேயே வெப்பமும் ஈரமும் என்று வாசித்தார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையிலும் அதே எல்லையில் கயோலினைட் பாய்ந்து ஏறுகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கருங்கல்லைக் கயோலினைட் மண்ணாக்கத் தடிமனான மண்படலம் வேண்டும். மிதவெப்ப நாட்டில் அதற்குப் பத்து லட்சம் வருஷம்கூட ஆகலாம். இங்கேயோ சேற்றில் கயோலினைட் சட்டென்று ஏறுகிறது. அவ்வளவு சீக்கிரம் புது மண் எங்கிருந்து வரும்? நியூ ஜெர்சியில் பின்னால் செய்த ஆய்வு இதைத்தான் கேட்டது. அந்தக் கயோலினைட் டைனோசர் காலத்திலேயே உண்டாகி நிலத்தில் கிடந்தது, வெப்பம் ஏறியபோது வந்த பெருமழை அதை அரித்துக் கடலில் கொட்டியது என்பது விளக்கம். எனக்கு அது சரியாகப் படுகிறது. அப்படியானால் களி பொய் சொல்லவில்லை. அன்றைய மண் எப்படி உண்டானது என்று நாம் கேட்டோம். மழை எவ்வளவு வேகமாக அரித்தது என்று அது பதில் சொன்னது.

புதைந்து கிடந்ததைப் பற்றி. இது இன்னும் பெரிய சிக்கல். டெக்சாஸ் கரையில் எண்ணெய்க் கிணற்று மாதிரிகளை வைத்து 1976-இல் ஹோவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள்: சுமார் 2 கி.மீ. ஆழத்திலிருந்து 3.7 கி.மீ.க்குள், ஸ்மெக்டைட் பொட்டாசியத்தை வாங்கிக்கொண்டு பெரும்பகுதி இல்லைட் ஆகிவிடுகிறது. மேலே கரிசல் வானிலை என்று வாசிக்க வேண்டிய களி, கீழே போனால் குளிர்ப்பிரதேச வேஷம் போட்டுக்கொள்கிறது. பழைய ஷேலில் இல்லைட் மட்டுமே கிடைத்தால் நான் காலநிலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. முதலில் அது எவ்வளவு சூடு கண்டது என்று கேட்பேன். பொட்டாசியம் வெளியிலிருந்து ஏறியிருந்தால் குறியீடும் பொய்யாகக் குறையும். அதைப் பிடிக்க அலுமினியம், கால்சியம்-சோடியம், பொட்டாசியம் என்று மூன்று மூலை போட்ட முக்கோண வரைபடம் இருக்கிறது. சிதைவின் பாதை ஒரு பக்கமாகப் போகும். பின்னால் ஏறிய பொட்டாசியம் புள்ளிகளை அந்தப் பாதையிலிருந்து பொட்டாசிய மூலைக்கு இழுக்கும். இழுபட்டது கண்ணுக்கே தெரியும்.

படிந்த இடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கயோலினைட் பெருந்துகள், கரையோரமே விழுந்துவிடும். ஸ்மெக்டைட் மிதந்து ஆழ்கடலுக்குப் போகும். கடல்மட்டம் ஏறிக் கரை தள்ளிப்போனால், வானிலை மாறாமலே களியின் விகிதம் மாறும். எரிமலைச் சாம்பல் விழுந்த இடத்திலும் ஸ்மெக்டைட் உண்டாகும், அதற்கும் மழைக்கும் தொடர்பு குறைவு.

நான் நம்புவது எப்போது என்றால், கனிமமும் வேதியியலும் தனித்தனியாக ஒரே திசையில் நகரும்போது. கயோலினைட் ஏறும் அதே அடுக்கில் குறியீடும் ஏறி, சோடியம் குறைந்து, மூலப்பாறை மாறவில்லை என்று தோரியம், ஸ்காண்டியம் போன்ற அசையாத தனிமங்கள் சொன்னால், அப்போது பேனாவை எடுப்பேன். கயோலினைட் ஏறிக் குறியீடு இறங்கினால் அந்த மாதிரியைத் திரும்பப் போய் எடுத்துவரச் சொல்வேன்.

ஷேலுக்குத் தமிழில் என்ன சொல்வது? களிக்கல், களிப்பாறை, மாக்கல் என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்களே.
— வாசகர், யாழ்ப்பாணம்

மாக்கல் வேண்டாம், அது கோலமாவுக்கும் கற்சட்டிக்கும் ஆகும் வேறு கல். களிப்பாறை சரி. ஏடு ஏடாகப் பிளப்பதை மட்டும் ஷேல் என்று பிரித்துச் சொல்கிறேன், வகுப்பிலும் அப்படித்தான் சொன்னேன்.

நான் ஏழாம் வகுப்பு. எங்கள் ஊர் ஓடையில் பச்சைக் களி இருக்கிறது. ஒரு டப்பாவில் அனுப்பினால் எந்தக் காலத்து மழை என்று சொல்வீர்களா?
— மாணவி, அரியலூர்

கட்டாயம் அனுப்பு பாப்பா. ஆனால் ஓடைக்கரையின் மேல்தோலை எடுக்காதே. அதில் இன்றைய மழையும் வேர்களும் ஏற்கெனவே வேலை செய்திருக்கும், நாம் போன வருஷத்து மழையை அளந்துவிடுவோம். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு முழங்கால் ஆழம் தோண்டச் சொல். ஈரமாக, நிறம் மாறாமல் இருக்கும் கட்டியை முஷ்டி அளவு எடு. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அதன்மேல் மார்க்கரால் அம்புக்குறி போடு. அதே கரையில் ஒரு முழம் மேலே ஒன்று, ஒரு முழம் கீழே ஒன்று, மொத்தம் மூன்று கட்டி. தனித்தனிப் பையில் போட்டு இடம், ஆழம், தேதி எழுது. மினுமினுக்கும் ஜிப்சத் தகடு கிடைத்தால் அதைக் களியோடு சேர்க்காமல் வேறு பையில் போடு. தோட்டா மாதிரி வழவழப்பான நீளக் கல் ஏதாவது கிடந்தால் அது பெலெம்னைட், கணவாயின் பழைய உறவினர். அதை எனக்கு அனுப்ப வேண்டாம், நீயே வைத்துக்கொள்.